மூளையின் ஏற்பிகளைத் தேடிச் செல்லும் தடங்காட்டிகள்

(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் எனக்கு முன்னர்ப் பேசியோர் நன்கு எடுத்துரைத்தனர். எனக்கு விழாக்குழுவினர் இட்ட பணி வேறு. அறிவியலில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பத்தாம் வகுப்புப் படித்தவர்க்கும் விளங்குமாறு சொல்ல வேண்டும் என்றனர். நான் பட்டப்படிப்பில் வரலாறு பயின்றவன். ஆதலால் அறிவியலையும் வரலாறாகச் சொல்லுவதே எனக்குக் கைவந்த முறை. உயிரோடிருக்கும் ஒரு மனிதருடைய மண்டையோட்டைத் திறவாமல், கத்தி படாமல், அவர் மூளைக்குள் குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருள் எந்த இடத்தில் போய் அமர்கிறது என்று கண்டறியும் கலை எவ்வாறு உருவாயிற்று என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதை நான் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. உரையின் பிற்பகுதியில் குரங்குகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி வரும். அங்கே அக்காரணம் தானாக விளங்கும்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தோணி விடுவதுபோல, ஓர் உயிரணு டோபமின், செரட்டோனின் முதலான வேதிப்பொருள்களை அந்த இடைவெளியில் விடுகிறது. அக்கரையில் அவை வந்து சேர்வதற்கென்றே துறைகள் அமைந்துள்ளன. அத்துறைகளைத்தான் ஏற்பிகள் என்கிறோம். டோபமின் தோணிக்கு டோபமின் துறை. செரட்டோனின் தோணிக்கு வேறு துறை. நாம் நடப்பதும், மகிழ்வதும், ஒன்றை விரும்பி நாடுவதும் இப்போக்குவரத்தால் நிகழ்கின்றன. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்தாயினும், மனிதனைக் கெடுக்கும் அபினாயினும், அவை செய்வது இத்துறைகளில் தாமே போய்க் கட்டிக்கொள்வதுதான்.

இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1905ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜில் லாங்லி என்னும் அறிஞர் கூறினார். ஆயினும் அது நெடுங்காலம் ஊகமாகவே நின்றது. 1973இல் அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடர் என்ற பேராசிரியரும், அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கேண்டஸ் பெர்ட் என்ற பெண்மணியும் அபின் வகைப் பொருள்களுக்குரிய ஏற்பியை ஐயத்திற்கிடமின்றிக் காட்டினர். விலங்கின் மூளையை அரைத்து, அபின் துறையில் கட்டக்கூடிய நலோக்சோன் என்னும் பொருளில் கதிரியக்கம் ஏற்றி, அதை அரைத்த மூளையோடு கலந்து, எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று அளந்தனர். 1975இல் டொராண்டோவில் பிலிப் சீமன் என்பவரும், பால்டிமோரில் ஸ்னைடர் குழுவினரும் டோபமின் ஏற்பியையும் இவ்வாறே அடையாளம் கண்டனர்.

ஆனால் இவை யாவும் இறந்த மூளையில் கண்டவை. பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாத நோயில் டோபமின் குன்றிவிடுகிறது என்பதை வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960இல் கண்டதும் இறந்தோர் மூளையை ஆய்ந்துதான். நோயாளி வாழும் காலத்தில் அவர் மூளையில் என்ன நடக்கிறது என்று எவரும் அறியார். அறியாத இடத்தில் கதை புகும். மனநோய் கண்டவரைப் பேய் பிடித்தவர் என்றும், சாபம் பெற்றவர் என்றும், சென்ற பிறவியின் வினையை அனுபவிக்கிறவர் என்றும் சொல்லிச் சங்கிலியால் பிணைத்த ஊர்கள் நம் நாட்டில் எத்தனை! மேலை நாடுகளும் இதில் நமக்கு இளைத்தவை அல்ல.

அப்படியாயின் உயிருள்ள மூளையைக் காண்பதெப்படி? இதற்குரிய வழி, மூளையோடு யாதொரு தொடர்பும் இல்லாத ஓர் இடத்தில் தொடங்கிற்று. அங்கேரி நாட்டவரான ஹெவசி 1911இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் தங்கிப் பயின்றபோது, விடுதி அம்மையார் மிஞ்சிய உணவை மறுநாள் புதிய உணவில் கலந்து படைக்கிறார் என்று ஐயுற்று, இலையில் மிஞ்சியதில் சிறிது கதிரியக்கப் பொருளைக் கலந்து வைத்துச் சில நாள் கழித்துக் கருவியைக் கொண்டு வந்து கையும் களவுமாகக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. விடுதியில் தங்கிப் படித்த நம் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பது எனக்குப் புரிகிறது! விளையாட்டு ஒருபுறம் இருக்க, 1923இல் அவர் கதிரியக்க ஈயத்தை அவரைச் செடிக்கு ஊட்டி, வேரிலிருந்து அது எங்கெங்கே செல்கிறது என்று தொடர்ந்து கண்டார். மிகச் சிறிய அளவு போதும்; செடிக்கு ஊறு இல்லை; பொருள் எங்குச் சென்றாலும் அதன் கதிர் காட்டிக் கொடுத்துவிடும். இதுவே டிரேசர் எனப்படும் தடங்காட்டியின் பிறப்பு. 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இதற்காகவே அவருக்கு அளிக்கப்பட்டது.

ஈயம் செடிக்குப் போதும், மூளைக்கு உதவாது. மூளை ஏற்பியை நாடிச் செல்லும் பொருள்கள் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய எளிய தனிமங்களால் ஆனவை. அவற்றில் ஓர் அணுவை மட்டும் எடுத்துவிட்டு, அதே தனிமத்தின் கதிரியக்க அணுவை வைத்தால், மூலக்கூறின் உருவமும் குணமும் மாறா. உடம்பு அதனை வேறுபடுத்தி அறியாது. சாதாரணக் கார்பனின் நிறை எண் 12. கதிரியக்கம் உடைய கார்பன்-11 என்று ஒன்று உண்டு. சைக்ளோட்ரான் என்னும் எந்திரத்தில் புரோட்டான்களை வேகமேற்றி நைட்ரஜன் வாயுவின்மீது பாய்ச்சினால் அது கிடைக்கிறது. மாணவர்கள் மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நைட்ரஜன் கருவில் 7 புரோட்டான், 7 நியூட்ரான். புதிதாக ஒரு புரோட்டான் உள்ளே புகுகிறது. 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த ஆல்ஃபா துகள் ஒன்று வெளியேறுகிறது. எஞ்சுவது 6 புரோட்டான், 5 நியூட்ரான். அதுவே கார்பன்-11.

இந்தக் கார்பன் சிதையும்போது பாசிட்ரான் என்னும் நேர்மின் துகளை வெளியிடுகிறது. அத்துகள் ஓரிரு மில்லிமீட்டர் சென்றதுமே ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கிறது. சந்தித்த இரண்டும் அழிந்து, இரண்டு காமாக் கதிர்களாக மாறி, நேரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாகக் கருவிகளை வைத்தால், ஒரே கணத்தில் எதிரெதிரே இருக்கும் இரு கருவிகள் ஒலிக்கின்றன. அவ்விரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், அழிவு நிகழ்ந்த இடம் அக்கோட்டின் மேல்தான் இருக்க வேண்டும். இவ்வாறு இலட்சக்கணக்கான கோடுகளை இழுத்து, அவை குறுக்கிடும் இடங்களைக் கணிப்பொறி கொண்டு கூட்டினால் படம் கிடைக்கிறது. 1970களின் நடுவில் செயின்ட் லூயி நகரத்தில் டெர்-பொகோசியன், பெல்ப்ஸ், ஹாஃப்மன் முதலியோர் இக்கருவியை அமைத்தனர். பெட் என்று இன்று மருத்துவமனைகளில் சொல்லுகிறார்களே, அது இதுதான்.

இனித்தான் தொல்லை. கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம். அதாவது இப்போது நூறு பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் ஐம்பது. 40 நிமிடத்தில் இருபத்தைந்து. ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கு. சைக்ளோட்ரானிலிருந்து வெளிவருவது கரியமில வாயு. அதை மீதைல் அயோடைடு என்னும் பொருளாக மாற்ற வேண்டும். அதைக் கொண்டு வேண்டிய மூலக்கூறில் கதிரியக்கக் கார்பனைப் பொருத்த வேண்டும். பொருந்தாதவற்றைப் பிரித்து நீக்க வேண்டும். கிருமி இல்லாமல் வடிகட்ட வேண்டும். சோதிக்க வேண்டும். பிறகு நோயாளிக்குச் செலுத்த வேண்டும். இவ்வளவும் ஈயச் சுவருக்கு அப்பால் நின்று கொண்டு, எந்திரக் கைகளால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள்! சாதாரண வேதியியல் கூடத்தில் இதே வேலையை நாள் கணக்கில் செய்வார்கள். மற்றக் கூடங்களில் காத்திருந்தால் விளைச்சல் கூடும். இங்கே காத்திருந்தால் உள்ளதும் கரைந்து போகும்.

இன்னொரு தொல்லை, சற்றே நுட்பமானது. இதை ஊன்றிக் கேட்க வேண்டுகிறேன். காற்றில் சாதாரணக் கரியமில வாயு இருக்கிறது. குழாயிலும், வேதிப்பொருளிலும், கரைப்பானிலும் அது எப்படியோ புகுந்துவிடும். புகுந்தால் கதிரியக்கமுள்ள மூலக்கூறுகளோடு கதிரியக்கமில்லாத மூலக்கூறுகளும் ஏராளமாக உருவாகிவிடும். உருவத்தில் இரண்டும் ஒன்றே. ஆதலால் ஏற்பியில் இரண்டும் அமரும். ஒரு பந்தியில் இருபது இலைதான் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் உள்ளவர் இருவர், இல்லாதவர் இருநூறு பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால், அழைப்பிதழ் உள்ளவருக்கு இலை கிடைக்குமா? ஏற்பிகளின் எண்ணிக்கையோ மிகச் சிறிது. எனவே செலுத்தும் பொருள் சில மைக்ரோகிராம் அளவே இருக்க வேண்டும். அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் சில பங்கு. அதற்குள்ளேயே போதிய கதிரியக்கமும் இருக்க வேண்டும். கார்ஃபென்டனில் என்று அபின் வகையைச் சேர்ந்த ஒரு பொருள். மார்ஃபினைப்போலப் பதினாயிரம் மடங்கு வலியது. யானை போன்ற பெரு விலங்குகளை மயக்கப் பயன்படுவது. அதையே தடங்காட்டியாக்கி 1985இல் மனிதரிடம் அபின் ஏற்பிகளைப் படம் பிடித்தனர் என்றால், அளவைக் குறைப்பதில் அவர்கள் எவ்வளவு விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, மூளையின் வாயிற்காவல். இரத்தத்தில் செல்வதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. இரத்தக் குழாயின் சுவரே மூளையில் அரண்போல அமைந்துள்ளது. கொழுப்பில் ஓரளவு கரையும் சிறிய மூலக்கூறுகள்தாம் எளிதில் உள்ளே செல்லும். மிகுதியாகக் கரைந்தாலும் பயனில்லை; கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு படத்தைக் கலக்கிவிடும். உள்ளே நுழைந்ததைப் பிடித்து வெளியே தள்ளும் காவலர்களும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் கொடுக்கும் லோபரமைடு மாத்திரையை அறிவீர்கள். அதுவும் அபின் ஏற்பியில் கட்டும் பொருள்தான். ஆனால் உரிய அளவில் உண்டால் மயக்கம் தருவதில்லை. ஏனெனில் மூளையின் வாயிலில் உள்ள ஒரு புரதம் அதை இறைத்து வெளியேற்றிவிடுகிறது. குடலோடு அதன் வேலை முடிகிறது. இத்தகைய தடைகளால், ஆய்வுக் கூடத்தில் அழகாக ஒட்டிய மூலக்கூறுகள் பல, உயிருள்ள மூளையில் ஒன்றுக்கும் உதவாமற் போயின.

ஜான்ஸ் ஹாப்கின்சில் ஹென்றி வாக்னர் என்ற அணு மருத்துவப் பேராசிரியர் இம்முயற்சிக்குத் தலைமை ஏற்றார். மைக்கேல் கூகார் ஏற்பிகளை நன்கறிந்தவர். டான்னல்ஸ், பர்ன்ஸ், ராவர்ட் ஆகியோர் வேதியியலார். சுவீடன் நாட்டு உப்சாலாவிலிருந்து பெங்ட் லாங்ஸ்ட்ரோம் வந்து சேர்ந்தார். கார்பன்-11ஐ மீதைல் அயோடைடாக மாற்றி மூலக்கூறில் பொருத்துவதில் கைதேர்ந்தவர். டோபமின் ஏற்பியை இறுகப் பற்றும் ஸ்பிப்பரோன் என்ற மருந்துப் பொருளில் கதிரியக்க மீதைலைச் சேர்த்தனர். 1983 மே 25ஆம் நாள் அதனை முதன்முதல் செலுத்திக்கொண்டவர் யார்? வாக்னரே! அப்போது அவருக்கு வயது 56. பிறரைச் சோதிக்குமுன் தன்னையே முதலில் சோதித்துக்கொண்ட அம்மனிதர்மேல், அந்த வயதை ஒட்டியவன் என்ற முறையில், எனக்குத் தனி மதிப்பு உண்டு. மறு ஆண்டே அக்குழுவினர், வயது ஏற ஏற இந்த ஏற்பிகள் குறைகின்றன என்றும் கண்டனர். அச்செய்தி எங்களைப் போன்றோர்க்கு அத்துணை மகிழ்ச்சி தருவதன்று!

செலுத்தியவுடன் மூளை முழுவதும் ஒளி பரவிற்று. நேரம் செல்லச் செல்ல, டோபமின் ஏற்பி குறைவாக உள்ள சிறுமூளையிலிருந்து தடங்காட்டி கழுவுண்டு போயிற்று. மூளையின் நடுவே இருபுறமும் ஸ்டிரையாட்டம் என்னும் பகுதியில் மட்டும் அது நிலைத்து நின்றது. அங்கேதான் டோபமின் ஏற்பிகள் நிறைந்துள்ளன என்பது இறந்த மூளையை ஆய்ந்ததால் முன்பே தெரியும். இப்போது அது பேசிக்கொண்டிருக்கும் மனிதரிடம் தெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சயன்ஸ் இதழில் இது வெளிவந்தது. அதே 1983இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் கார்னெட் குழுவினர், உடம்பு டோபமினாக மாற்றிக்கொள்ளும் டோப்பா என்ற பொருளில் கதிரியக்கப் புளூரினை ஏற்றிப் படம் எடுத்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டோம், இனி மனநோயின் மருமம் எல்லாம் வெளியாகிவிடும் என்று பலர் எண்ணினர். நடந்தது அதுவன்று. 1986இல் பால்டிமோர் குழுவினர், மருந்து உட்கொள்ளாத மனச்சிதைவு நோயாளிகளிடம் டோபமின் ஏற்பிகள் வெகுவாகக் கூடியிருப்பதாக அறிவித்தனர். 1990இல் ஸ்டாக்ஹோமில் லார்ஸ் ஃபார்டே குழுவினர், மருந்து உட்கொள்ளாத 18 நோயாளிகளையும் நலமுள்ள 20 பேரையும் ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என்றனர். யார் சொல்வது மெய்? இரு குழுவினரும் வெவ்வேறு தடங்காட்டிகளைக் கையாண்டனர் என்பதை நோக்க வேண்டும். பால்டிமோர்த் தடங்காட்டி இறுகப் பற்றும்; செரட்டோனின் ஏற்பியிலும் சிறிது கட்டும். ஸ்டாக்ஹோம்காரர்கள் கையாண்ட ராக்லோபிரைடு மெல்லப் பற்றும். மூளையில் ஊறும் இயல்பான டோபமின் பெருகினால் இடம் விட்டு விலகிவிடும். அளவுகோல் இரண்டாயின் அளவும் இரண்டாகும். பிற்காலத்தில் ஏற்பியின் எண்ணிக்கையைவிட, இக்கரையில் டோபமின் உற்பத்தியாகி வெளிவிடப்படுவது மிகுவதே அந்நோயில் தெளிவாகத் தென்படுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. நோயின் படத்தை ஒரே நாளில் எழுதி முடித்துவிட முடியாது.

ஆயினும் அந்த ராக்லோபிரைடு ஏழை நோயாளிக்கு ஒரு பெரும் நன்மை செய்தது. மனச்சிதைவு மருந்துகளை முன்பு மிகுந்த அளவில் கொடுத்து வந்தனர். நோயாளி உடல் விறைத்து, கை நடுங்கி, வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நோயே அப்படித்தான் என்று எண்ணியும் இருக்கிறோம். ஃபார்டே குழுவினர் மருந்து உண்ணும் நோயாளிகளைப் படமெடுத்து, ஏற்பிகளில் எத்தனை விழுக்காட்டை மருந்து கைப்பற்றியுள்ளது என்று கணக்கிட்டனர். பிறரும் தொடர்ந்து ஆய்ந்தனர். ஏறத்தாழ 65 விழுக்காடு கைப்பற்றினால் நோய் தணிகிறது. 80 விழுக்காட்டை நெருங்கினால் விறைப்பும் நடுக்கமும் தோன்றுகின்றன. அதற்குமேல் ஏற்றுவதால் துன்பம் மிகுமே ஒழிய நன்மை மிகாது. குறைந்த அளவிலேயே போதிய பயன் உண்டு என்பதற்கு இவ்வாறு கண்கூடான சான்று கிடைத்தது.

இயல்பான டோபமின் பெருகினால் ராக்லோபிரைடு விலகும் என்றேன் அல்லவா? அதைக் கொண்டு 1998இல் லண்டனில் ஒரு சோதனை செய்தனர். எட்டு ஆடவரைப் பணம் கிடைக்கும் ஒரு வீடியோ விளையாட்டை ஆடச் செய்து படம் எடுத்தனர். பீரங்கி வண்டியை ஓட்டிப் பகைவரை அழிக்கும் ஆட்டம். ஆடுகையில் ஸ்டிரையாட்டத்தில் டோபமின் பெருகியது படத்தில் தெரிந்தது. கைப்பேசியை விடாத நம் பிள்ளைகளின் பெற்றோர்க்கு இது பயன்படும் என்று சொல்லி மேலே செல்கிறேன்.

இத்தகைய கருவி யாருக்குக் கிடைக்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். இருபது நிமிடத்தில் பாதி அழியும் பொருள் ஊர் விட்டு ஊர் செல்லாது. சைக்ளோட்ரான் உள்ள மருத்துவமனையின் வாசலில் இருப்பவர்க்கே அது கிட்டும். 110 நிமிட அரை ஆயுள் உடைய புளூரின்-18 சற்றுத் தொலைவு செல்லும். 1976 ஆகஸ்டில் நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வுக் கூடத்தில் செய்த புளூரின் ஏற்றிய சர்க்கரையைச் சிறு விமானத்தில் பிலடெல்பியாவுக்கு எடுத்துச் சென்று முதன்முதல் மனிதருக்குச் செலுத்தினர். அப்பொருளைச் செய்த குழுவில் ஜோவன்னா ஃபவுலர் என்ற வேதியியல் அம்மையாரும் ஒருவர். பின்னாளில் 2008ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. வேதியியல் பெண்களுக்கு ஏற்றதன்று என்று வீட்டில் சொல்வோர் இருந்தால், மாணவியர் இப்பெயரைச் சொல்லலாம். நம் நாட்டில் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002இல்தான் மும்பைப் பரேலில் அமைந்தது.

சைக்ளோட்ரான் இல்லாத இடத்திற்கும் வழி கண்டனர். டெக்னீஷியம்-99எம் என்ற தனிமத்தின் அரை ஆயுள் 6 மணி. அது மாலிப்டினம்-99இலிருந்து பிறப்பது. அதன் அரை ஆயுளோ 66 மணி. மாலிப்டினத்தை ஒரு சிறு கலத்தில் அடைத்து எங்கும் அனுப்பலாம். அங்கே நாள்தோறும் உப்புநீரை ஊற்றி டெக்னீஷியத்தைப் பிரித்தெடுத்துக் கொள்ளலாம். அக்கலத்தை அவர்கள் பசு என்றும், பிரித்தெடுப்பதைப் பால் கறத்தல் என்றும் வேடிக்கையாகச் சொல்லுவர். 1990களில் பிலடெல்பியாவில் ஹாங்க் குங் குழுவினர், இந்த டெக்னீஷியத்தைத் தாங்கி மூளைக்குள் நுழையவல்ல டிரோடாட் என்னும் மூலக்கூறைச் செய்தனர். அது ஏற்பியை அன்று, வெளிவிட்ட டோபமினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வாயில்களைப் பற்றுவது. நடுக்குவாத நோயைப் பிற நடுக்கங்களிலிருந்து பிரித்தறிய உதவுகிறது. இன்று நம் நாட்டிலும் அது பயன்பாட்டில் உள்ளது. எனக்குக் கேட்டால், பொன்னால் செய்த கருவிகளைவிட இந்தப் பசுதான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

இனி, தொடக்கத்தில் சொன்ன குரங்குகளுக்கு வருகிறேன். குடியும் போதையும் பற்றி முதலில் ஒரு சொல். புரூக்ஹேவனில் நோரா வால்கோவ் என்ற மருத்துவ அம்மையார் 1990களில், கொக்கைன் அடிமைகளிடமும் குடிக்கு அடிமையானவர்களிடமும் டி2 என்னும் வகை டோபமின் ஏற்பி குறைந்து காணப்படுவதை ராக்லோபிரைடு கொண்டு காட்டினார். உடனே ஒரு கேள்வி எழுகிறது. போதையால் ஏற்பி குறைந்ததா? அல்லது ஏற்பி குறைவாகப் பிறந்தவர்கள்தாம் போதைக்கு ஆளாகிறார்களா? இரண்டாவது உண்மையாயின், அவர்கள் பிறப்பே அப்படி என்று சொல்லிக் கைகழுவிவிடலாம் அல்லவா? பிறப்பே அப்படி என்ற சொல்லை நம் காதுகள் அறியாதவை அல்ல.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடர் குழுவினர் இதை ஆராய்ந்தனர். 2002இல் முடிவை வெளியிட்டனர். மக்காக் இனத்து ஆண் குரங்குகள் இருபது. ஓராண்டுக்கும் மேலாக ஒவ்வொன்றும் தனித்தனிக் கூண்டில் இருந்தது. புளூரின்-18 ஏற்றிய ஒரு தடங்காட்டியைச் செலுத்தி, எல்லாவற்றுக்கும் டி2 ஏற்பியைப் படமெடுத்து வைத்துக்கொண்டனர். பிறகு நான்கு நான்காகச் சேர்த்து ஐந்து கூட்டமாக விட்டனர். குரங்குகளின் வழக்கப்படி, யார் யாரை விரட்டுவது, யார் யாருக்கு வழி விடுவது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மேல் கீழ் வரிசை விரைவில் அமைந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து மீண்டும் படமெடுத்தனர். தலைமை இடத்தைப் பெற்ற குரங்குகளிடம் தடங்காட்டி பற்றும் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. கீழ் இடத்தில் இருந்தவற்றிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கொக்கைனைத் தாமே செலுத்திக்கொள்ளும் வாய்ப்பை அளித்தபோது, கீழ் இடத்தில் இருந்தவை அதை நாடின. தலைமை இடத்தில் இருந்தவை பெரிதாக நாடவில்லை.

இப்போது பழைய படங்களை எடுத்துப் பார்த்தனர். தனிக் கூண்டில் இருந்த காலத்தில், பின்னர்த் தலைவனாகப் போகும் குரங்குக்கும் அடங்கி நடக்கப் போகும் குரங்குக்கும் இடையே யாதொரு வேறுபாடும் இல்லை! இரண்டின் மூளையும் ஒன்றுபோலவே இருந்தன. இடம் அமைந்த பின்னரே வேறுபாடு தோன்றிற்று. முன்னரே எடுத்து வைத்த அந்தப் படங்கள் இல்லாதிருந்தால், இரண்டாம் படங்களை மட்டும் கண்டவர் என்ன முடிவு கட்டியிருப்பார்? தலைமைக்கு உரியது பிறவியிலேயே சிறந்த மூளை, அடங்கிக் கிடப்பது பிறவியிலேயே குறையுள்ள மூளை என்றல்லவா எழுதியிருப்பார்! எத்தனையோ நூல்கள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் படத்தை எடுக்காமலே.

குரங்கையும் மனிதரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாரே என்று எவரும் வருந்த வேண்டா. நானும் அதை விரும்பாதவனே. குரங்கின் வரிசை சில மாதத்தில் அமைவது, சண்டையால் அமைவது, மாறக்கூடியது. அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டிய படிநிலை ஏற்றத்தாழ்வோ, குழந்தை கண் விழிக்கும் முன்பே எழுதப்பட்டு விடுவது. இரண்டும் ஒன்றல்ல. மேலும், இருபது குரங்கு என்பது சிறிய எண்ணிக்கை. படத்தில் ஒளி கூடினால் ஏற்பியே கூடிற்று என்றும் கொள்ளலாம், அல்லது ஏற்பியில் அமர்ந்திருந்த இயல்பான டோபமின் குறைந்து இடம் காலியாயிற்று என்றும் கொள்ளலாம். இவ்விரண்டையும் அந்தப் படம் பிரித்துக் காட்டாது. இவற்றை மறைத்துவிட்டு அறிவியல் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்துவிட்டது என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடு அன்று.

மனிதரிடம் இதைப் பார்த்தவர்கள் உண்டா என்றால், உண்டு. 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயானா மார்ட்டினெஸ் குழுவினர், நோயற்ற 14 தன்னார்வலர்களை ராக்லோபிரைடு கொண்டு படமெடுத்தனர். அவர்தம் சமூக நிலையையும், தமக்குத் துணை நிற்போர் உளர் என்று அவர்கள் உணரும் அளவையும் வினாத்தாள் மூலம் கணக்கிட்டனர். சமூக நிலை உயர்ந்தோரிடமும், துணை மிகுந்தோரிடமும் ஏற்பியின் அளவு கூடுதலாக இருந்தது. ஆனால் இங்கே ஒரே ஒரு படம்தான். முன் படம் இல்லை. நிலையால் ஏற்பி கூடிற்றா, ஏற்பியால் நிலை உயர்ந்ததா என்று இதிலிருந்து சொல்ல இயலாது. சொல்ல வேண்டுமாயின் ஒரே மனிதரை, அவர் நிலை மாறுவதற்கு முன்னும் மாறிய பின்னும் படமெடுத்து ஒப்பிட வேண்டும். குரங்குகளிடம் மூன்று மாதத்தில் முடிந்த வேலை, மனிதரிடம் ஒரு தலைமுறைக் காலம் கேட்கும். அதற்கு வேண்டிய தடங்காட்டி நாற்பது ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் அவர்கள் குறிப்புக் காட்டுகிறார். மாணவர்கள் ஐயம் ஏதேனும் உடையோராயின், பிற்பகல் அமர்வில் கேட்கலாம்; எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்லக் காத்திருக்கிறேன்.